தன் குண்டு, தன் செயற்கைக்கோள்: 1962இல் விண்வெளியில் நடந்த ‘ஸ்டார்ஃபிஷ் பிரைம்’ அணு வெடிப்பு

பனிப்போர் காலத்து அணு ஆயுதப் போட்டியையும் விண்வெளிப் போட்டியையும் பள்ளிப் புத்தகங்கள் தனித்தனிப் பாடமாகவே நடத்துகின்றன. ஒன்றில் ஹைட்ரஜன் குண்டும் கியூபா நெருக்கடியும் வரும். இன்னொன்றில் ஸ்புட்னிக், ககாரின், நிலவு. உண்மையில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ககாரினைச் சுமந்துபோன ராக்கெட், குண்டு சுமப்பதற்காகக் கட்டிய ஆர்-7 ஏவுகணையிலிருந்து பிறந்தது. அமெரிக்கா தன் செயற்கைக்கோள்களை ஏவிய தோர் ராக்கெட்டும் முதலில் அணு ஏவுகணையாகத்தான் பிரிட்டனில் நிறுத்தப்பட்டிருந்தது.

அந்த இரண்டு போட்டியும் நேருக்கு நேர் முட்டிக்கொண்ட இடம் பசிபிக் கடலுக்கு மேலே 400 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. 1962 ஜூலை 8ஆம் தேதி, ஹவாய் நேரப்படி இரவு 11 மணிக்கு, ஜான்ஸ்டன் தீவிலிருந்து கிளம்பிய தோர் ஏவுகணை ஒன்று சுமார் 1,100 கி.மீ. வரை ஏறி, இறங்கும் வழியில் 1.4 மெகாடன் குண்டை வெடித்தது. ஹிரோஷிமாவில் போட்டதைப் போல் கிட்டத்தட்ட நூறு மடங்கு. சோதனையின் பெயர் ஸ்டார்ஃபிஷ் பிரைம். அன்று யாரும் சாகவில்லை. ஆனால் அடுத்த சில மாதங்களில் அமெரிக்காவின் சொந்தச் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. நட்பு நாடான பிரிட்டனின் முதல் செயற்கைக்கோளும் அடிவாங்கியது.

லிஃப்ட் கம்பெனி இன்ஜினியரின் யோசனை

விண்வெளியில் குண்டு வெடிக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது? இதில் ஒரு முக்கியமான பெயர் நிக்கோலஸ் கிறிஸ்டோஃபிலோஸ். ஏதென்ஸில் லிஃப்ட் பொருத்தும் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே தானாக இயற்பியல் படித்தவர். துகள் முடுக்கி பற்றி அவர் கிரீஸிலிருந்து எழுதி அனுப்பிய ஒரு யோசனையை அமெரிக்க ஆய்வகத்தினர் முதலில் பொருட்படுத்தவில்லை. சில வருடம் கழித்து அதே யோசனையைத் தாங்களே தனியாகக் கண்டுபிடித்தார்கள். அவர்தான் முந்தியவர் என்று தெரிந்ததும் அமெரிக்காவுக்கு வரவழைத்தார்கள்.

1957 அக்டோபரில் ஸ்புட்னிக் பறந்ததும் அமெரிக்கா ஆடிப்போயிற்று. செயற்கைக்கோளை ஏவ முடிந்தவனால் கண்டம் தாண்டிக் குண்டும் அனுப்ப முடியும். அதைத் தடுக்க ஒரு வழி உண்டா? அமெரிக்காவின் லிவர்மோர் அணு ஆயுத ஆய்வகத்தில் இருந்த கிறிஸ்டோஃபிலோஸ் சொன்னது இதுதான்: காற்று மண்டலத்துக்கு மேலே அணுகுண்டை வெடித்தால் ஏராளமான எலக்ட்ரான்கள் சிதறும். பூமியின் காந்தப்புலம் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூமியைச் சுற்றி ஒரு கதிர்வீச்சுக் கவசமே உருவாகும். அதற்குள் நுழையும் சோவியத் ஏவுகணையின் மின்னணுக் கருவிகள் கருகிவிடும்.

கேட்பதற்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது, ஆனால் இயற்பியல் சரி. இயற்கையிலேயே அப்படிப்பட்ட பட்டைகள் இருப்பதை அடுத்த வருடமே, 1958இல், எக்ஸ்ப்ளோரர் செயற்கைக்கோள்கள் மூலம் ஜேம்ஸ் வான் ஆலன் கண்டுபிடித்தார். இன்றைக்கு அவர் பெயரில் வழங்கும் அந்தப் பட்டைகளைக் கண்டுபிடித்து உலகத்துக்கு அறிவித்த அதே கோடையில், அவற்றைக் குண்டால் செயற்கையாக உண்டாக்கும் ரகசியத் திட்டத்திலும் வான் ஆலன் பங்கேற்றார். ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்த கையோடு அதைக் குண்டு வைத்துப் பார்ப்பது அந்தக் காலத்து மனநிலை.

‘ஆர்கஸ்’ என்ற பெயரில் 1958 ஆகஸ்ட், செப்டம்பரில் தெற்கு அட்லாண்டிக்கில் ஒரு கப்பலிலிருந்து மூன்று சிறிய குண்டுகள் ஏவி வெடிக்கப்பட்டன. வான் ஆலனின் கருவிகளோடு மேலே சுற்றிக்கொண்டிருந்த எக்ஸ்ப்ளோரர் 4 புதிய எலக்ட்ரான் பட்டைகளைப் பதிவு செய்தது. கிறிஸ்டோஃபிலோஸ் சொன்னது நடந்தது. ஆனால் கவசம் பலவீனமாக இருந்தது, வெகு சீக்கிரம் கலைந்தும் போனது. ஏவுகணையைத் தடுக்க அது போதாது.

மறுபடியும் மேலே

1958 நவம்பரிலிருந்து இரு வல்லரசுகளும் சோதனைகளை நிறுத்தி வைத்திருந்தன. 1961 செப்டம்பர் 1ஆம் தேதி சோவியத் யூனியன் மீண்டும் தொடங்கியது. அக்டோபர் 30இல் நோவயா செம்ல்யாவில் 50 மெகாடன் ‘ஜார் பாம்பா’ வெடித்தது. அதற்கு மூன்று நாள் முன்னால், கஸகஸ்தானுக்கு மேலே இரண்டு சிறிய குண்டுகளை வெகு உயரத்தில் வெடித்துப் பார்த்திருந்தார்கள். அமெரிக்க ராணுவத்துக்கு இந்தச் சின்னக் குண்டுகள்தான் பெரிய கவலை. எதிரி மேலே ஒரு குண்டை வெடித்தால் நம் எச்சரிக்கை ரேடார்கள் குருடாகிவிடுமா? ரேடியோத் தொடர்பு அறுந்துபோகுமா? வரும் ஏவுகணையை அப்படியொரு வெடிப்பால் நாம் அழிக்க முடியுமா? விடை யாரிடமும் இல்லை.

அதற்காக அவசர அவசரமாகப் போட்டதுதான் ‘ஃபிஷ்பௌல்’ திட்டம். அந்த அவசரம் தொடக்கத்திலேயே பல்லிளித்தது. ஜூன் முதல் வாரத்தில் ஏவிய முதல் ஏவுகணை ஒழுங்காகத்தான் பறந்தது. அதைக் கண்காணிக்கும் கருவி பழுதானதால் எங்கே போகிறதென்று தெரியாமல் தாங்களே அழித்தார்கள். ஜூன் 20இல் ஸ்டார்ஃபிஷ் என்ற பெயரில் இரண்டாவது முயற்சி. கிளம்பி ஒரு நிமிடத்தில் இன்ஜின் நின்றது. பாதுகாப்பு அதிகாரி அழிக்கும் பொத்தானை அழுத்த, ஏவுகணைத் துண்டுகளும் புளூட்டோனியம் படிந்த குண்டின் சிதறல்களும் ஜான்ஸ்டன் தீவின் மேலேயே மழையாக விழுந்தன. ‘பிரைம்’ என்ற ஒட்டு வந்தது இதனால்தான். ஜூலையில் நடந்தது அதே சோதனையின் மறுமுயற்சி.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஜோட்ரல் பாங்க் வானியல் நிலையத்தின் பெர்னார்ட் லவல் உட்படப் பல பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் வெளிப்படையாகவே கண்டித்தார்கள். இப்போதுதான் கண்டுபிடித்த வான் ஆலன் பட்டையை முழுதாக ஆராய்வதற்குள் குலைத்துவிடாதீர்கள் என்பது அவர்கள் வாதம். மே மாதப் பத்திரிகையாளர் சந்திப்பில் கென்னடியிடம் இதைக் கேட்டபோது, பட்டைக்கு ஒன்றும் ஆகாது என்று வான் ஆலனே சொல்கிறார் என்று சிரிப்போடு கடந்துபோனார். பட்டைக்கு ஒன்றும் ஆகாது என்பது ஒருவகையில் சரிதான். அதற்கு மேல் இன்னொரு பட்டை வந்து உட்காரும் என்பதுதான் கணக்கில் தவறிப்போனது.

அந்த இரவு

சோதனை ரகசியமாக நடக்கவில்லை. நாளிதழ்களில் அறிவிப்பு வந்தது. வெடிக்கும் இடத்திலிருந்து ஹொனலுலு சுமார் 1,450 கி.மீ. தொலைவு. அங்கிருந்த ஹோட்டல்கள் மொட்டைமாடியில் ‘வானவில் குண்டு’ விருந்து வைத்தன. ஜனங்கள் கையில் கோப்பையோடு தென்மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சத்தம் எதுவும் வரவில்லை. அந்த உயரத்தில் காற்று இல்லை, ஆகவே அதிர்வலையும் இல்லை, கீழே நடக்கும் வெடிப்பில் எழும்பும் காளான் மேகமும் இல்லை. மேகங்களை ஊடுருவிக்கொண்டு ஒரு வெளிச்சம் அடித்தது. அப்புறம் வானம் பச்சை, மஞ்சள், கடைசியில் ரத்தச் சிவப்பு என்று நிறம் மாறிப் பல நிமிடங்கள் நின்றது. வழக்கமாகத் துருவப் பகுதிகளில் பார்க்கக்கூடிய துருவ ஒளி, வெப்பமண்டலத்துத் தீவுக்கு மேலே. நிலநடுக்கோட்டைத் தாண்டி, பல ஆயிரம் கி.மீ. தெற்கே இருக்கும் சமோவாவிலும் அதே நேரத்தில் வானம் ஒளிர்ந்தது. காந்தப்புலக் கோட்டின் ஒரு முனை குண்டின் பக்கம், மறுமுனை சமோவாவின் பக்கம். எலக்ட்ரான்கள் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நிலநடுக்கோட்டைத் தாண்டிப்போய் இறங்கியிருந்தன.

அதே கணத்தில் ஹொனலுலுவில் ஏறக்குறைய 300 தெருவிளக்குகள் அணைந்தன. சில கட்டடங்களில் திருட்டு எச்சரிக்கை மணிகள் தாமாக அடித்தன. கவாய் தீவுக்கும் மற்றத் தீவுகளுக்கும் இடையிலான தொலைபேசியின் மைக்ரோவேவ் இணைப்பு நின்றுபோனது.

தெருவிளக்கு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஊர் முழுக்க இருட்டாகிவிடவில்லை. அணைந்தது மொத்த விளக்குகளில் ஒரு சதவீதம் போல. அவை எல்லாம் தொடர் இணைப்பில், ஒரே கம்பியில் சரம் சரமாகக் கோத்த விளக்குகள். சுமார் 30 சரங்களில் உருகிகள் (ஃபியூஸ்கள்) போயின. நீளமான கம்பி நல்ல ஆன்டெனா. அது நீண்டு கிடக்கும் திசை, வெடிப்பிலிருந்து வந்த மின்காந்தத் துடிப்புக்குத் தோதாக அமைந்தால் அதில் ஏறும் மின்னழுத்தமும் அதிகம். அதனால்தான் ஒரு தெருவில் விளக்கு போயிற்று, பக்கத்துத் தெருவில் எரிந்துகொண்டிருந்தது. குண்டு போட்டு நகரத்தையே கற்காலத்துக்கு அனுப்பிய கதையாக இணையத்தில் சிலர் இதை ஊதிப் பெருக்குகிறார்கள். நடந்தது அதைவிடச் சிறியது. ஆனால் 1,450 கி.மீ. தாண்டி நடந்தது என்பதுதான் ராணுவத்தினரின் தூக்கத்தைக் கெடுத்தது.

காரணம் மின்காந்தத் துடிப்பு. வெடிப்பில் கிளம்பிய காமா கதிர்கள் கீழே இறங்கி, 20 முதல் 40 கி.மீ. உயரத்தில் இருக்கும் காற்றில் மோதுகின்றன. அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் தெறிக்கின்றன. பூமியின் காந்தப்புலம் அவை அத்தனையையும் ஒரே நேரத்தில் வளைக்கிறது. கோடானுகோடி எலக்ட்ரான்கள் ஒன்றாகத் திரும்பும்போது வானமே ஒரு ரேடியோ பரப்பியாகிவிடுகிறது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் அடிவானம் 2,000 கி.மீ.க்கும் அப்பால். அந்த வட்டத்துக்குள் இருக்கும் எல்லா இடத்துக்கும் துடிப்பு எட்டும். இப்படியொரு துடிப்பு வரும் என்று எதிர்பார்த்துத்தான் இருந்தார்கள், ஆனால் இவ்வளவு வலுவாக அல்ல. அளக்க வைத்திருந்த கருவிகளில் பலவற்றின் முள் எல்லையைத் தாண்டிப் போயிற்று. ஏன் இப்படி ஆனது என்ற சரியான விளக்கத்தைக் கான்ராட் லாங்மைர் என்ற இயற்பியலாளர் பிற்பாடுதான் கொடுத்தார்.

மெல்ல வந்த சாவு

தெருவிளக்கைச் சரிசெய்துவிட முடிந்தது. மேலே நடந்ததைச் சரிசெய்ய வழியே இல்லை.

வெடிப்பில் பிறந்த எலக்ட்ரான்கள் காந்தப்புலக் கோடுகளில் வடக்கும் தெற்குமாகக் குதித்தபடியே பூமியைச் சுற்றி நகர்ந்து, சில மணி நேரத்தில் முழு வளையமாகிவிட்டன. அமெரிக்கக் கடற்படையின் டிரான்சிட் 4பி, அதோடு சேர்த்து ஏவிய டிராக் ஆகிய இரண்டும் சில வாரங்களில் செத்தன. சூரிய மின்தகடுகள் கதிர்வீச்சில் நைந்து, மின்சாரம் போதாமல் ஆனதுதான் காரணம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. டிரான்சிட் என்பது அணு ஏவுகணை சுமக்கும் போலாரிஸ் நீர்மூழ்கிக் கப்பல்கள் கடலில் தம் இருப்பிடத்தைத் துல்லியமாக அறிவதற்காக உருவாக்கிய அமைப்பு. அணு ஆயுதத்துக்கு வழிகாட்ட வைத்த விளக்கை அணு ஆயுதமே அணைத்தது.

பிரிட்டனின் ஏரியல் 1, ஏப்ரல் 26ஆம் தேதிதான் மேலே போயிருந்தது. சூரியனையும் அயனி மண்டலத்தையும் ஆராயும் கருவிகள் கொண்டது, ஏவிக் கொடுத்ததும் அமெரிக்காவே. மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதன் தகடுகளும் கெட்டன. சோவியத்தின் காஸ்மாஸ் 5 கூடத் தப்பவில்லை. மொத்தம் ஆறேழு செயற்கைக்கோள்கள் பாதிக்கப்பட்டன. அன்றைக்குத் தாழ்ந்த சுற்றுப்பாதையில் இருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

எல்லாவற்றிலும் பிரபலமானது டெல்ஸ்டார் என்ற தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள். குண்டு வெடித்து ஏறத்தாழ 24 மணி நேரத்தில், புளோரிடா நேரப்படி ஜூலை 10 அதிகாலையில், அமெரிக்காவின் பெல் ஆய்வகம் கட்டிய இந்த 77 கிலோ உருண்டை மேலே போனது. அட்லாண்டிக்கைத் தாண்டி நேரடித் தொலைக்காட்சிப் படம் முதன்முதலாக வந்தது இதன் வழியாகத்தான். உலகமே கொண்டாடிக்கொண்டிருந்தபோது அது எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கதிர்வீச்சுக்குள் தினமும் போய்வந்துகொண்டிருந்தது. நவம்பரில் தரையிலிருந்து அனுப்பும் கட்டளைகளுக்குப் பதில் சொல்லாமல் ஊமையானது.

பெல் ஆய்வக இன்ஜினியர்கள் செய்த வைத்தியம் இந்த முழுக் கதையிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி. அதே மாதிரி டிரான்சிஸ்டர்களை ஆய்வகத்தில் கதிர்வீச்சுக்குக் காட்டிப் பார்த்தார்கள். டிரான்சிஸ்டரின் உலோக மூடிக்குள் இருந்த வாயு அயனியாகி, படிகத்தின் மேற்பரப்பில் மின்னூட்டம் படிந்துவிட்டது என்று கண்டுபிடித்தார்கள். மின்னழுத்தத்தை எடுத்துவிட்டால் அது தானாகக் கலையும். ஆனால் மேலே இருப்பதன் மின்சாரத்தை நிறுத்தவும் ஒரு கட்டளை போயாக வேண்டுமே? கட்டளையைப் படிக்கும் சுற்றுதானே பழுது! சரி, பழுதான சுற்றும் புரிந்துகொள்கிற மாதிரி சமிக்ஞையின் வடிவத்தையே மாற்றி அனுப்பினார்கள். 1963 ஜனவரி தொடக்கத்தில் டெல்ஸ்டார் மறுபடி பேசியது. பிப்ரவரி 21இல் நிரந்தரமாக அடங்கியது. அடுத்து மே மாதம் ஏவிய டெல்ஸ்டார் 2இல் டிரான்சிஸ்டர் மூடிக்குள் வாயுவையே எடுத்துவிட்டார்கள்.

இப்போது கிறிஸ்டோஃபிலோஸின் கவசத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஏவுகணையை எரிக்க அது உதவாததற்கும் செயற்கைக்கோளை அது கொன்றதற்கும் காரணம் ஒன்றேதான்: நேரம். ஏவுகணை அந்தப் பட்டையைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். செயற்கைக்கோள் ஒவ்வொரு சுற்றிலும், நாள் முழுக்க, மாதக்கணக்கில் அதற்குள் நுழைந்து நுழைந்து வர வேண்டும். ஆக, ஆயுதத்துக்கு எதிராகப் பயன்படாமல், ஆயுதமில்லாத எல்லாவற்றுக்கும் எதிராகப் பயன்படும் ஒன்றைத்தான் கட்டியிருந்தார்கள். அதில் யார் கொடி ஒட்டியிருக்கிறது என்ற பேதமும் இல்லை. ராணுவக் கோணத்தில் பார்த்தாலும் இது மட்டமான பேரம். யாருக்கு மேலே நிறைய செயற்கைக்கோள் இருக்கிறதோ அவருக்குத்தான் அதிக நஷ்டம்.

மறுபக்கத்து வானம்

அமெரிக்காவாவது கடலுக்கு மேலே வெடித்தது. சோவியத் யூனியன் தன் ஜனங்களின் தலைக்கு மேலேயே வெடித்தது. 1962 அக்டோபர் 22, 28, நவம்பர் 1 ஆகிய நாட்களில், தலா 300 கிலோடன், மத்திய கஸகஸ்தானுக்கு மேலே. முதலாவது 290 கி.மீ. உயரத்தில். தேதிகளைக் கவனியுங்கள். அக்டோபர் 22 அன்று மாலைதான் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதைக் கென்னடி தொலைக்காட்சியில் அறிவித்தார். 28இல்தான் சோவியத் தலைவர் குருஷ்சேவ் அவற்றைத் திரும்பப் பெறச் சம்மதித்தார். உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒரு வாரத்தின் இரு முனையிலும் விண்வெளியில் ஒவ்வொரு அணுகுண்டு. நடுவில், அக்டோபர் 26இல், அமெரிக்காவும் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே ஒன்றை வெடித்தது. இரு தரப்பு அட்டவணையும் யாரும் நிறுத்தச் சொல்லாததால் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கஸகஸ்தானில் பாதிப்பு ஹவாயைவிடக் கடுமை. 570 கி.மீ. நீளத் தொலைபேசிக் கம்பியில் உருகிகள் அத்தனையும் போயின. தரைக்குள் புதைத்த சுமார் 1,000 கி.மீ. மின்கம்பிவடத்திலும் துடிப்பு ஏறி இணைப்பு அறுந்தது. கரகண்டாவில் மின்நிலையம் ஒன்று தீப்பிடித்தது. குண்டு ஸ்டார்ஃபிஷ் அளவில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே பூமியின் காந்தப்புலம் இன்னும் வலுவானது, அடியில் கடல் இல்லாமல் நிலமும் இருந்தது. இந்த விவரமெல்லாம் சோவியத் யூனியன் கலைந்த பிறகே வெளியுலகுக்குத் தெரியவந்தது.

ஒப்பந்தம் வரை

ஸ்டார்ஃபிஷ் வெற்றிக்குப் பதினேழு நாள் கழித்து, ஜூலை 25இல், அடுத்த ஏவுகணை ஏவுமேடையிலேயே எரிந்துபோய் மேடை முழுக்கப் புளூட்டோனியம் பரவியது. சுத்தம் செய்து மறுபடி கட்ட ஏறத்தாழ மூன்று மாதமாயிற்று. இந்த இடைவெளியில் செயற்கைக்கோள் சாவுச் செய்திகள் வந்து சேர்ந்தன. அக்டோபர் 3இல் அமெரிக்க விண்வெளி வீரர் வால்டர் ஷிர்ரா மெர்குரி கலத்தில் பறக்க வேண்டியிருந்தது. புதிய கதிர்வீச்சு வளையம் அவரைப் பாதிக்குமா என்று நாசா பதறி, அளவுமானிகள் வைத்து அனுப்பியது. அவர் பறந்த உயரம் குறைவு என்பதால் ஆபத்து இல்லை. ஆனால் நிலவுக்குப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தானே போயாக வேண்டும்? நிலவு வாக்குறுதி கொடுத்த ஜனாதிபதியே குண்டுச் சோதனைக்கும் கையெழுத்துப் போடுபவர். மிச்சச் சோதனைகளின் உயரத்தையும் குண்டின் அளவையும் குறைத்தார்கள். 1,000 கி.மீ.க்கு மேலே வெடிக்கத் திட்டமிட்டிருந்த ஒன்றைக் கைவிட்டார்கள்.

1963 ஆகஸ்ட் 5இல் மாஸ்கோவில் அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன் மூன்றும் பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. காற்று மண்டலம், விண்வெளி, நீருக்கடி மூன்றிலும் அணு வெடிப்புக்குத் தடை. ஸ்டார்ஃபிஷ்தான் இதைக் கொண்டுவந்தது என்று எழுதுவது மிகை. சோதனைத் தூசியிலிருந்து குழந்தைகளின் பாலில் ஏறிய ஸ்ட்ரான்ஷியம் என்ற கதிரியக்கப் பொருளும் கியூபா பயமும்தான் முதல் காரணங்கள். ஆனால் அதில் விண்வெளி என்ற சொல்லை எழுத இரு தரப்புக்கும் பெரிய மனக்கஷ்டம் இருக்கவில்லை. இருவருக்குமே அங்கே இழப்பதற்குச் சொத்து இருந்தது. ஒப்பந்தத்தை மீறுகிறார்களா என்று பார்க்க அதே அக்டோபரில் அமெரிக்கா ஏவிய வேலா செயற்கைக்கோள் வரிசை, ரகசியக் குண்டு எதையும் விண்வெளியில் கண்டுபிடிக்கவில்லை. பதிலாக, பேரண்டத்தின் தொலைவிலிருந்து வரும் காமா கதிர் வெடிப்புகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தது.

1967இன் விண்வெளி ஒப்பந்தம் அணு ஆயுதங்களைச் சுற்றுப்பாதையில் நிறுத்தி வைப்பதையும் தடுத்தது. அந்தத் தடைக்குத்தான் இப்போது சோதனை. செயற்கைக்கோள்களை அழிக்கும் அணு ஆயுதம் ஒன்றை ரஷ்யா உருவாக்குகிறது என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்கா குற்றம் சாட்டியது, ரஷ்யா மறுத்தது. 2022இல் ரஷ்யா ஏவிய காஸ்மாஸ் 2553, மற்ற செயற்கைக்கோள்கள் அதிகம் போகாத சுமார் 2,000 கி.மீ. உயரத்தில் சுற்றுவதை அமெரிக்கா சந்தேகத்தோடு சுட்டிக்காட்டுகிறது. கதிர்வீச்சில் கருவிகளைச் சோதிக்கவே அது என்கிறது மாஸ்கோ. விண்வெளியில் அணு ஆயுதம் வைக்க மாட்டோம் என்று எல்லா நாடுகளும் மறுபடி உறுதிசொல்லக் கோரும் தீர்மானம் 2024 ஏப்ரல் 24இல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் வந்தது. 13 நாடுகள் ஆதரித்தன, சீனா ஒதுங்கிக்கொண்டது, ரஷ்யா வீட்டோ போட்டது.

இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செயற்கைக்கோள்கள் இயங்குகின்றன. பெரும்பாலானவை தாழ்ந்த சுற்றுப்பாதையில் இருக்கும் மலிவான வணிகத் தயாரிப்புகள், இப்படிப்பட்ட கதிர்வீச்சைத் தாங்கும்படி கட்டியவை அல்ல. ஸ்டார்ஃபிஷ் வெடித்த அதே 400 கி.மீ. உயரத்தில்தான் சர்வதேச விண்வெளி நிலையமும் மனிதர்களோடு சுற்றுகிறது. ஒரு குண்டு வெடித்தால் எத்தனை செயற்கைக்கோள் எத்தனை நாளில் போகும் என்று பாதுகாப்பு நிபுணர்கள் இப்போது போடும் கணக்குகளுக்கு அடிப்படையான நேரடி அளவீடுகள், டெல்ஸ்டாரும், அந்தச் செயற்கைப் பட்டையை ஆராயவே 1962 அக்டோபர் 27இல் ஏவிய எக்ஸ்ப்ளோரர் 15உம், இன்னும் நாலைந்து செயற்கைக்கோள்களும் அன்று எடுத்தவை. அவற்றில் சில எடுக்கும்போதே செத்துக்கொண்டிருந்தன.